82 சதவீதம் சரி, ஆனால் எதில் 82?

கேள்வி சுருக்கமாக இதுதான். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தமிழ் நண்பர் நான்கு ஆண்டுகளாகக் கம்பெனி டிரைவராக ட்ரக் ஓட்டுகிறார். கிரீன் கார்டு இருக்கிறது, லைசென்ஸில் கறை இல்லை, கையில் 28,000 டாலர் சேமிப்பு. சொந்தமாக ஒரு ட்ரக் வாங்கி, ஏதாவது ஒரு கேரியரில், அதாவது சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில், லீஸ் போட்டு ஓனர் ஆப்பரேட்டராக ஓட்டலாம் என்று நினைக்கிறார். மூன்று கம்பெனிகளிடம் பேசியிருக்கிறார். ஒன்று லோடுக் கூலியில் 82 சதவீதம் தருகிறேன் என்கிறது. இன்னொன்று 72. மூன்றாவது கம்பெனி, “முன்பணமே வேண்டாம், ட்ரக்கையும் நாங்களே தருகிறோம், வாரா வாரம் பிடித்துக்கொள்கிறோம்” என்கிறது. எதை எடுப்பது?

நான் ஒன்பது ஆண்டுகள் இப்படி லீஸ் போட்டு ஓட்டியவன். முதுகு போதும் என்று சொல்லிவிட்டதால் இறங்கிவிட்டேன். இப்போது ஓனர் ஆப்பரேட்டர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். கேரியர் கூலியையும் கழிவுகளையும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் செட்டில்மென்ட் தாள்கள் வாரம் முப்பது நாற்பது கண்ணில் படும். அந்தத் தாள்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

‘லீஸ்’ என்ற சொல்லிலேயே பலர் குழம்பிவிடுகிறார்கள். இங்கே கம்பெனி உங்களுக்கு வாடகைக்கு எதுவும் தருவதில்லை. நீங்கள்தான் உங்கள் வண்டியை அவர்களுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் “டிரான்ஸ்போர்ட்டில் வண்டியை அட்டாச் போட்டிருக்கிறேன்” என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். சங்ககிரியில் என் மாமா ஒருவர் அப்படித்தான் ஓட்டினார். ஆனால் அவர் வண்டிக்கு பர்மிட் அவர் பேரில் இருந்தது. டிரான்ஸ்போர்ட்காரரோடு மனஸ்தாபம் வந்தால் மறுநாள் காலையில் வேறு புக்கிங் ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். அமெரிக்காவில் அப்படி முடியாது. மாநிலம் தாண்டிக் கூலிக்குச் சரக்கு ஏற்ற ட்ரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவிடம் உரிமை வாங்கியிருக்க வேண்டும். ட்ரக்காரர்கள் அதை ‘அத்தாரிட்டி’ என்பார்கள். அது கேரியரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அதனால் உங்கள் பணத்தில் வாங்கிய ட்ரக்கின் கதவில் அவர்கள் பெயரும் அவர்களுடைய டாட் நம்பரும் (போக்குவரத்துத் துறைப் பதிவு எண்) ஏறும். அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் அது அவர்கள் வண்டி.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த லீஸ்களை ஆளும் விதி, மத்திய விதித் தொகுப்பில் 49-ஆம் தலைப்பின் 376-ஆம் பகுதி. லீஸ் நடப்பிலிருக்கும் வரை வண்டியின் முழு உடைமையும் கட்டுப்பாடும் பயன்பாடும் கேரியருக்கு மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும் என்கிறது அது. ரோட்டில் ஏதாவது நடந்தால் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் கேரியர்தான். சாதாரணச் சரக்குக்குக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு அவர்கள் வைத்திருக்க வேண்டும். பதிலுக்கு, அவர்கள் அனுமதி இல்லாமல் நீங்கள் வேறு யாருக்கும் ஒரு பாலெட் கூட ஏற்ற முடியாது. ஆண்டு முடிவில் சம்பளக்காரருக்கான டபிள்யூ-2 படிவம் வராது, ஒப்பந்தக்காரருக்கான 1099 வரும். வரித்துறைக்கு நீங்கள் சுதந்திரமான வியாபாரி, லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சருக்கு அவர் கைவசம் இருக்கும் இன்னொரு ட்ரக். ஓனர் ஆப்பரேட்டர் வாழ்க்கையின் பாதி எரிச்சல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்துதான் வருகிறது. தெரிந்தே உள்ளே போனால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

சரி, சதவீதத்துக்கு வருவோம். உங்கள் இரண்டு கம்பெனிகளும் அனுப்பிய தாள்களை வைத்து ஒரு வாரத்தைப் போட்டுப் பார்த்தேன். லோடுகளுக்கான அடிப்படைக் கூலி 5,600 டாலர், அதன் மேல் டீசல் செலவுக்காகத் தரும் ஃபியூயல் சர்சார்ஜ் 700, மொத்தம் 6,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பெனி இரண்டையும் சேர்த்து 82 சதவீதம் தருகிறது, 5,166 டாலர். அதில் டிரைலர் வாடகை 250, ‘இன்ஷூரன்ஸ் பங்கு’ 180, ‘நிர்வாகக் கட்டணம்’ 35 போகிறது. மீதி 4,701. இரண்டாவது கம்பெனி அடிப்படைக் கூலியில் மட்டும் 72 சதவீதம் தருகிறது, 4,032. ஆனால் சர்சார்ஜ் முழுவதும் உங்களுக்கே, டிரைலருக்கு வாடகை இல்லை, அந்த மற்ற இரண்டு கழிவுகளும் இல்லை. 4,732. பத்து சதவீத வித்தியாசம் எங்கே போனது? 72 கொடுப்பவர் 31 டாலர் முன்னால் நிற்கிறார்.

அது நல்ல வாரம். இப்போது ஜனவரியில் லோடு மந்தமாக இருக்கும் ஒரு வாரத்தை எடுங்கள். கூலி 3,200, சர்சார்ஜ் 400. முதல் கம்பெனியில் 2,952 வந்து, அதே 465 டாலர் கழிந்து 2,487 மிஞ்சும். இரண்டாவதில் 2,704. வித்தியாசம் 217 டாலராக வளர்ந்துவிட்டது. சதவீதம் என்பது லோடு ஓடினால்தான் வரும், கழிவு என்பது ட்ரக் வீட்டு வாசலில் நின்றாலும் போகும். அதனால் யாராவது பெரிய சதவீதத்தைச் சொன்னால் நான் முதலில் கேட்பது, “ஓடாத வாரத்தில் எவ்வளவு பிடிப்பீர்கள்?” என்பதைத்தான். பதில் சொல்லத் தயங்குகிற ஆளிடம் அடுத்த கேள்வியே வேண்டாம்.

அதைவிட முக்கியம், எந்தத் தொகையில் அந்தச் சதவீதம் என்பது. சில கேரியர்கள் பக்கத்திலேயே ஒரு புரோக்கரேஜும், அதாவது லோடு பிடித்துத் தரும் தரகுக் கம்பெனியும், வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே முதலாளி, ஒரே கட்டடம், சில சமயம் ஒரே மேஜை. சரக்கை அனுப்பும் ஷிப்பர் ஒரு லோடுக்கு 3,000 டாலர் புரோக்கரேஜுக்குக் கொடுப்பார். புரோக்கரேஜ் அதையே 2,400-க்குக் கேரியருக்குத் தரும். உங்கள் சதவீதம் அந்த 2,400-இல். 600 டாலர் வலது பையிலிருந்து இடது பைக்குப் போனது உங்கள் கண்ணுக்கே தெரியாது. இது சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சதவீத அடிப்படையில் கூலி என்றால், செட்டில்மென்ட்டின்போதோ அதற்கு முன்போ, கூலி குறித்த ஃபிரெய்ட் பில்லின் நகலைக் கேரியர் உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே 376 சொல்கிறது. ஷிப்பரின் பெயரை மறைத்துத் தரலாம், தொகையை மறைக்கக் கூடாது. “ஃபிரெய்ட் பில் ஒவ்வொரு லோடுக்கும் வருமா, அதில் உங்கள் புரோக்கரேஜ் கொடுத்த ரேட் இருக்குமா, ஷிப்பர் கொடுத்த ரேட் இருக்குமா?” என்று கையெழுத்துக்கு முன்பே ஈமெயிலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனில் எல்லாரும் நல்லவர்கள்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரி. 1973-இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது ஓனர் ஆப்பரேட்டர்கள் நாடு முழுக்க வண்டிகளை நிறுத்தினார்கள். ஓஓஐடிஏ என்ற அவர்கள் சங்கம் பிறந்தது அந்த ஆண்டுதான். மிசௌரி மாநிலத்தின் கிரெய்ன் வேலியிலிருந்து இன்றும் இயங்குகிறது. எழுத்தில் இல்லாத கழிவு, திரும்பி வராத டெபாசிட் என்ற புகார்கள் குவிந்து, 1979-இல் அன்றைய மாநிலங்களிடை வணிக ஆணையம் இந்த ‘உண்மையான லீஸ்’ விதிகளைக் கொண்டுவந்தது. ஆணையம் 1995-இன் கடைசியில் கலைக்கப்பட்டது. விதிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் அமல்படுத்த அரசாங்கம் ஓடி வராது; மீறினால் நீங்களே நீதிமன்றம் போய் நஷ்டஈடும் வக்கீல் செலவும் கேட்கலாம் என்பதே ஏற்பாடு. அதாவது விதி தெரிந்தவனுக்கு மட்டும் விதி.

எனக்கு அது தெரிந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். என் முதல் கேரியர் மேற்கு மத்தியப் பகுதியில் ஒரு நடுத்தரக் கம்பெனி, பெயர் வேண்டாம். வாரம் 100 டாலர் வீதம் 2,500 டாலர் எஸ்க்ரோ, அதாவது விலகும்போது திரும்ப வர வேண்டிய டெபாசிட், பிடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து நான் விலகினேன். அவர்கள் டிரைலரை யார்டில் விட்டேன், ஓட்டும் நேரத்தைப் பதியும் ஈஎல்டி பெட்டியையும் ஃபியூயல் கார்டையும் கவரில் போட்டுக் கொடுத்தேன், நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கொடுத்தேன். பிளேட் அவர்கள் பேரில் பதிவாகியிருந்தது. கதவு ஸ்டிக்கரை மனைவியின் ஹேர் டிரையரை வைத்துச் சூடாக்கி, பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டி எடுத்தேன். ஒரு மாதம் போனது, ஒன்றரை மாதம் போனது, பணம் வரவில்லை. போன் போட்டால் “டிரைலர் கதவு நசுங்கியிருக்கிறது, 1,180 டாலர் ரிப்பேர்” என்றார்கள். அந்த நசுங்கல் நான் எடுத்த அன்றைக்கே இருந்தது. ஆனால் என்னிடம் படம் இல்லை.

யார்டில் எனக்கு அடுத்த ஸ்லாட்டில் நிறுத்தும் ஒரு பஞ்சாபிக்காரர்தான் சொன்னார், “376.12-ஐ எடுத்துப் படி.” படித்தேன். லீஸ் முடிந்த 45 நாட்களுக்குள் எஸ்க்ரோ திரும்ப வேண்டும். என்னென்ன பிடிக்கலாம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பிடித்ததற்கெல்லாம் கணக்குத் தர வேண்டும். பணம் அவர்கள் கையில் இருக்கும் காலத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கூட உண்டு. பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், விதி எண்ணோடு. ரிப்பேர் பில்லின் நகலைக் கேட்டேன். பில் வரவே இல்லை, செக் வந்தது. வட்டி 40 டாலர் சொச்சம் என்று ஞாபகம். அன்றிலிருந்து டிரைலரைக் கொக்கியில் மாட்டும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும் டயரும் தளமும் சேர்த்துப் பத்துப் படம் எடுத்துவிடுவேன். இரண்டு நிமிட வேலை.

இதனால்தான் லீஸை வாங்கியதும் முதல் பக்கத்தைப் படிக்காமல், விலகுவது பற்றி எழுதியிருக்கும் பக்கத்துக்கு நேராகப் போங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். எத்தனை நாள் நோட்டீஸ்? டிரைலரை எந்த ஊரில் திருப்பித் தர வேண்டும்? நீங்கள் டெக்சஸில் இருக்கும்போது விலகினால் இந்தியானாவுக்குக் காலியாக ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா? பிளேட்டுக்குக் கட்டிய பணத்தில் மீதி மாதங்களுக்கு என்ன ஆகும்? அந்த பிளேட்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் உங்கள் பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. எஸ்க்ரோவில் பிடிக்கக்கூடியவை என்று எட்டு வரி நீளத்துக்குப் பட்டியல் இருந்து, கடைசியில் “மற்றும் கம்பெனி தீர்மானிக்கும் பிற செலவுகள்” என்று முடிந்தால், அந்தக் கடைசி வரியை அடித்துத் தரச் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகள் அடிக்க மாட்டார்கள். சின்னவர்கள் பல பேர் அடித்துத் தருவார்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

கூலி எப்போது வரும் என்பதிலும் விதி உண்டு. லாக், டெலிவரி தாள்கள் போன்ற தேவையான காகிதங்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் செட்டில்மென்ட் ஆக வேண்டும். “ஷிப்பர் இன்னும் பணம் தரவில்லை” என்ற சாக்குக்கு இதில் இடமில்லை. டயரோ டீசலோ இன்ஷூரன்ஸோ எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டாதே என்று சொல்லலாம்; வெளியே நீங்களே வாங்கி வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். பல பேர் சோம்பலில் கம்பெனி பாலிசியையே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு முறை வெளியே விலை விசாரித்துப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் என்றதும் ஒன்று. கேரியரின் பாலிசி அவர்கள் வேலையாக ஓடும்போதுதான் உங்களைக் காக்கும். ஞாயிற்றுக்கிழமை டிரைலர் இல்லாமல் வெறும் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு மளிகை வாங்கப் போனால் அதற்குத் தனி பாலிசி வேண்டும். இதில் பாப்டெயில் என்று ஒன்று, நான்-ட்ரக்கிங் என்று ஒன்று விற்பார்கள். இரண்டும் ஒன்று என்று ஏஜென்ட்டே சொல்வார், ஆனால் இல்லை. பாப்டெயில் பொதுவாக டிரைலர் மாட்டாமல் ஓடும் நேரத்துக்கு. நான்-ட்ரக்கிங் சொந்த வேலையாக ஓடும் நேரத்துக்கு. டெலிவரி முடித்து, டிரைலரை யார்டில் விட்டு, மெக்கானிக் கடைக்குப் போகும் வழியில் இடித்தால் அது சொந்த வேலையா, கம்பெனி வேலையா? இந்தக் கேள்விக்கு இரண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் எதிரெதிர் பதில் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட்டிடம் இதே உதாரணத்தைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்புறம், ‘ஆக்குபேஷனல் ஆக்சிடென்ட்’ என்று ஒன்று பிடிப்பார்கள். அது தொழிலாளர் இழப்பீட்டுக்கு ஈடாகாது, உச்சவரம்பு உள்ள சின்னக் குடை. நீங்கள் தொழிலாளி இல்லை என்பதால் கிடைப்பது இதுதான். குடும்பத்துக்கான ஹெல்த் இன்ஷூரன்ஸையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த 4,732 டாலரைக் கடைசி வரை கொண்டுபோவோம். அந்த வாரம் காலியாக ஓடிய 300 மைலையும் சேர்த்து 2,700 மைல். கேலனுக்கு ஆறரை மைல், டீசல் 3.70 டாலர் என்றால் 1,537 டாலர். உங்கள் இன்ஷூரன்ஸ்கள் 127, டோல் 110, பிளேட் 45, ஈஎல்டி 15, எஸ்க்ரோ 100. கையில் வரும் செக் 2,798. ட்ரக் தவணை மாதம் 2,100 என்றால் வாரத்துக்கு 485. பராமரிப்புக்கு மைலுக்கு 15 சென்ட் தனிக் கணக்கில் போட வேண்டும், 405. மிச்சம் 1,908. கம்பெனி டிரைவராக மைலுக்கு 60 சென்ட்டில் இதே 2,700 மைல் ஓடியிருந்தால் 1,620. வரிக்கு முன்பு வித்தியாசம் 288 டாலர். அதிலும், சம்பளக்காரருக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியில் பாதியை முதலாளி கட்டுவார். சொந்தத் தொழில்காரர் 15.3 சதவீதம் முழுவதையும் தானே கட்ட வேண்டும். இது நல்ல வாரத்தின் கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. செலவை இறுக்கிப் பிடிப்பவர்கள் இதிலேயே நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். 62 மைல் வேகத்தில் ஓட்டிக் கேலனுக்கு ஏழரை எடுப்பவர், டீசல் கார்டின் தள்ளுபடி முழுவதும் தனக்கு வருகிறதா என்று பார்த்து வாங்குபவர், காலி மைலைக் குறைக்கப் பக்கத்து ஊர் லோடுக்கு அரை நாள் காத்திருப்பவர். தவணை முடிந்த பிறகும் அதே ட்ரக்கை ஐந்து ஆண்டு ஓட்டுபவர்தான் இந்தத் தொழிலில் பணம் பார்க்கிறார். புது பீட்டர்பில்ட்டின் குரோம் பளபளப்பில் மயங்கியவர்களின் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.

28,000 டாலரை முழுவதும் முன்பணமாகக் கொட்டிவிடாதீர்கள். ஐந்து லட்சம் மைல் ஓடிய ஒரு பழைய ஃபிரெய்ட்லைனர் காஸ்கேடியாவுக்கு 12,000, 13,000 முன்பணம் கட்டி, மீதி 15,000-ஐத் தொடாமல் வையுங்கள். இந்தக் காலத்து எஞ்சினில் பிஸ்டனைவிடப் புகையைச் சுத்தம் செய்யும் அமைப்புதான் அதிகம் படுத்தும். புகையை வடிகட்டும் டிபிஎஃப் அடைத்தாலோ, புகையைச் சுத்தம் செய்யும் டிஇஎஃப் திரவத்தின் சென்சார் ஒன்று பொய் சொன்னாலோ, எஞ்சின் தன்னைத்தானே மணிக்கு 5 மைலுக்குக் கூட இறக்கிக்கொள்ளலாம். ஹைவே ஓரத்தில், இழுவை வண்டிக்குக் காத்துக்கொண்டு. வாங்கும் முன் எஞ்சின் எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதியுங்கள், டீலரிடம் கம்ப்யூட்டர் மாட்டிப் பழைய பிழைக் குறிகளைப் பாருங்கள். கலிபோர்னியா பக்கம் ஓடும் எண்ணம் இருந்தால் 2010 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் எஞ்சின் இருந்தே ஆக வேண்டும். அந்த மாநிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020-இல் நடப்புக்கு வந்த ஏபி5 சட்டம் யார் சுதந்திரமானவர், யார் தொழிலாளி என்பதற்கு வைக்கும் அளவுகோலில் லீஸ் போட்டு ஓட்டுபவர்கள் தேறுவது கஷ்டம். 2022 ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும், ஜூலையில் ஓக்லண்ட் துறைமுகத்தையே ட்ரக்காரர்கள் முடக்கினார்கள். நீங்கள் நியூ ஜெர்சியில் இருப்பவர், கலிபோர்னியாவில் குடியேறாத வரை அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

வரி விஷயம் சுருக்கமாக. எண்பதாயிரம் பவுண்டு வண்டிக்கு ஆண்டுக்கு 550 டாலர் சாலை வரி, 2290 படிவத்தில். ஜூலையிலிருந்து ஓடும் வண்டிக்கு ஆகஸ்ட் 31 கெடு. வருமான வரியை ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என்று நான்கு தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும். முதல் ஆண்டில் இதை மறந்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் 14,000 டாலருக்கு என் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறைய. வீட்டுக்கு வெளியே தூங்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் படி, 2024 அக்டோபரிலிருந்து முழு நாளுக்கு 80 டாலர். அதில் 80 சதவீதத்தைக் கழித்துக் காட்டலாம். 2018-இலிருந்து கம்பெனி டிரைவருக்கு மத்திய வரியில் இந்தச் சலுகை இல்லை, உங்களுக்கு உண்டு. ஈஎல்டி பதிவுதான் அத்தாட்சி, லீஸ் முடியும்போது அதன் நகலை எடுத்துவையுங்கள். ஓடிய மாநிலங்களுக்குப் பிரித்துக் கட்டும் இஃப்டா டீசல் வரியை பெரும்பாலும் கேரியரே கட்டி உங்களிடம் பிடிக்கும். அதிகம் கட்டியிருந்து திரும்ப வருகிற பணம் யாருக்கு என்று கேளுங்கள். பல பேர் கேட்பதே இல்லை.

மூன்றாவது கம்பெனி, முன்பணம் இல்லாத லீஸ்-பர்ச்சேஸ். இதில் ட்ரக்கையும் அவர்களே வைத்திருக்கிறார்கள், லோடையும் அவர்களே தருகிறார்கள். தவணை வாரத்துக்கு 900 டாலர் என்றால், லோடு குறைந்த வாரத்தில் நீங்கள் அவர்களுக்குக் கடன்காரர். மூன்று வாரம் பாக்கி விழுந்தால் ட்ரக் திரும்பிப் போகும், அதுவரை கட்டியதும் போகும், அதே ட்ரக்கில் அடுத்த ஆள் முதல் வாரத்திலிருந்து தொடங்குவார். கடைசி வரை கட்டி டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்கியவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கணக்குப் புத்தகத்தில் அப்படி இரண்டு பேர். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி எஃப்எம்சிஎஸ்ஏ இதை ஆராய ஒரு பணிக்குழு அமைத்தது. 2025 ஜனவரியில் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, கேரியர்கள் நடத்தும் இந்தத் திட்டங்களைத் தடை செய்யுங்கள் என்றே பரிந்துரைத்தது. தடை என்பது பரிந்துரைதான், சட்டம் அல்ல. ஆனால் சீர்திருத்தம் என்று கேட்காமல் நேராகத் தடை என்று கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஒப்பந்தங்களில் “தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவரிடம்தான் போக வேண்டும்” என்று ஒரு பிரிவு இருக்கும். 2019-இல் நியூ பிரைம் எதிர் ஒலிவேரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கு இடையே சரக்கு ஓட்டும் டிரைவர் சுதந்திர ஒப்பந்தக்காரராக இருந்தாலும் மத்திய நடுவர் சட்டத்தை வைத்து அவரை நடுவரிடம் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. சில மாநிலச் சட்டங்களின்படி இன்னும் முயல்வார்கள், அதனால் பிரிவைப் படித்துவிட்டே கையெழுத்து போடுங்கள். முந்நூறு, நானூறு டாலர் கொடுத்து ஒரு போக்குவரத்து வக்கீலிடம் லீஸைக் காட்டுவது வீண் செலவு அல்ல. ஒரு முன்சக்கர டயர் விலை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சொந்த அத்தாரிட்டியே எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். விண்ணப்பக் கட்டணம் 300 டாலர்தான், அது விஷயமே இல்லை. புது எம்சி நம்பருக்கு (அத்தாரிட்டியின் எண்) முதல் ஆண்டு இன்ஷூரன்ஸ் கழுத்தைப் பிடிக்கும், பல புரோக்கர்கள் புது நம்பருக்கு லோடே தர மாட்டார்கள், முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்பு ஆடிட் வரும், பணம் வர முப்பது நாள் ஆகும் என்பதால், பில்லை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே பணம் தரும் ஃபாக்டரிங்காரருக்குப் பங்கு போகும். இரண்டு ஆண்டு லீஸில் ஓட்டி, செலவு உள்ளங்கையில் வந்த பிறகு யோசிக்கலாம்.

அப்புறம் 2025 ஜூன் 25 முதல், ரோட்டோரச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் திணறினால் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்குப் பிரச்சினை இருக்காது. ஆனால் பிறகு இரண்டாவது ட்ரக் வாங்கி ஊரிலிருந்து வந்த மச்சானை ஓட்ட வைக்கும் திட்டம் இருந்தால் மனதில் வையுங்கள். அது வேறு தொழில், அங்கே நீங்கள் முதலாளி.

சரி, உங்கள் மூன்று கம்பெனிகள். மூன்றாவதை விடுங்கள். முதல் இரண்டில், நான் உங்கள் இடத்தில் இருந்தால் 72 சதவீதம்காரரிடம் போவேன், இரண்டு காகிதங்களைப் பார்த்த பிறகு. ஒன்று, இப்போது அவர்களிடம் ஓட்டும் யாராவது ஒருவருடைய நான்கு வார செட்டில்மென்ட் தாள், பெயரை மறைத்து. இன்னொன்று, ஆறு மாதத்துக்குள் விலகிய ஒருவரின் கடைசி எஸ்க்ரோ கணக்கு. இரண்டாவதை அவர்கள் தரமாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ட்ரக் ஸ்டாப்பில் அவர்கள் ஸ்டிக்கரைச் சுரண்டிய பசைத்தடம் இன்னும் கதவில் தெரிகிற ஒரு வண்டியைப் பார்த்தால், ஒரு காபி வாங்கிக் கொடுத்து அவரிடமே கேளுங்கள். எஃப்எம்சிஎஸ்ஏவின் சேஃபர் தளத்தில் டாட் நம்பரைப் போட்டு, சோதனைகளில் எத்தனை வண்டிகளை நிறுத்திவைத்தார்கள் என்பதையும் பாருங்கள். அந்த எண் தேசிய சராசரியைவிட மிக அதிகமாக இருந்தால் எடைமேடைக்கு எடைமேடை உங்களையும் உள்ளே கூப்பிடுவார்கள், கதவில் இருப்பது அவர்கள் பெயர் என்பதால்.

லீஸ் நகல் கைக்கு வந்ததும் அந்த விலகும் பக்கத்தை மட்டும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கையெழுத்து போட்டுவிட்டு அனுப்பாதீர்கள்.